இடைவேளைக்குப் பின் பதினொரு பெட்டிகள்

எனக்கு வயது எழுபத்து மூன்று. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. என் தங்கச்சி விட்டுப்போன இரண்டும் அதில் சேர்த்தி. பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் நிறுத்தி வளர்த்துவிட்ட பிள்ளைகளைச் சேர்த்தால் எனக்கே எண்ணிக்கை தெரியாது. அதில் நான்கு பேர் இன்றைக்கு சூப்பர்வைசர், ஒருத்தி சொந்தமாகக் கம்பெனியே நடத்துகிறாள். பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். ஆமாம், பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

போன மாதம் கம்பெனியில் கூப்பிட்டு சால்வை போட்டார்கள். புதிதாகச் சேர்ந்த உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். மைக்கைப் பார்த்ததும் நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டது. "நல்லா இருங்க கண்ணுகளா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அது எனக்கே பிடிக்கவில்லை. மூன்றாவது வரை படித்தவள் நான். தமிழ் எழுத்துக் கூட்டி எழுதுவேன். இதை எழுத எனக்கு இருபது நாளாவது ஆகியிருக்கும். அவசரமில்லை.

செக்கிங் எப்படிப் பண்ணுவது என்று நான் சொல்லப்போவதில்லை. ஓட்டை எது, எண்ணெய்க் கறை எது என்று பத்து நாளில் உங்கள் கண்ணே பழகிவிடும். நான் சொல்லப்போவது ஒரு சினிமாவைப் பற்றி.

தொண்ணூறுகளின் ஆரம்பம். அதுவரைக்கும் எங்கள் கம்பெனி மற்றவர்களுக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த வருடம்தான் முதல்முறையாக எங்கள் கம்பெனிப் பெயரிலேயே வெளிநாட்டுக்குச் சரக்குப் போகிறது. முதலாளி சின்ன வயசு. என்னை "அக்கா" என்றுதான் கூப்பிடுவார். "சனிக்கிழமை சாயங்காலம் பெட்டியெல்லாம் மூடிட்டோமுன்னா, ஞாயித்துக்கிழமை மேட்னிக்குக் கம்பெனியோட போறோமுங்க. பால்கனி பூராவும் நம்மளுது" என்று சொல்லிவிட்டார். லாரி ஞாயிறு சாயங்காலம் ஐந்தரைக்கு வந்து சரக்கை ஏற்றிக்கொண்டு நேரே தூத்துக்குடி போகும் என்று ஏற்பாடு.

படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். அதில் நடித்தவர்களின் பிள்ளைகள் இப்போதும் நடித்துக்கொண்டிருக்கிறார்கள், பாவம். ஐந்து ஹீரோக்கள் சேர்ந்து ஒரு பெரிய கொள்ளை அடிக்கிற கதை. ஐந்து பேரையும் ஒரே போஸ்டரில் பார்த்து ஊரே கிறுக்குப் பிடித்துக் கிடந்தது. எல்லாரையும்விட அதிகக் கிறுக்கு எங்கள் கட்டிங் மாஸ்டருக்கு. அவர் திருநெல்வேலிக்காரர், எங்களையெல்லாம் "மைனி" என்றுதான் கூப்பிடுவார். படம் வருவதற்கு முன்னாலேயே அவருக்கு முழுக் கதையும் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்கக் கூடாது.

இப்போது என் வேலை முறையைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது.

எனக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. கழுத்தில் இருக்கிற சைஸ் லேபிளை என்னால் வாசிக்க முடியாது. ஆனால் பனியனைக் கையில் வைத்து ஒரு நீவு நீவினால் எம் சைஸா எல் சைஸா என்று என் கை சொல்லிவிடும். மடித்துக் கவரில் போட்ட பிறகு எல்லாம் ஒரே அளவாகத்தான் இருக்கும். அதனால் மடிப்பதற்கு முன்பே கையால் பிரித்து, கவரில் போட்டதும் தனித்தனிக் குவியலாக வைத்து, ஒவ்வொரு கட்டுக்கும் கழிவுத் துணியில் ஒரு நாடா கட்டிவிடுவேன். எம் என்றால் மஞ்சள், எல் என்றால் பச்சை. பேக்கிங் பிள்ளைகள் நாடாவைப் பார்த்துப் பெட்டியில் அடுக்குவார்கள். வேகமாக நடக்கும். வேகத்துக்காகத்தான் அக்கா அப்படிச் செய்கிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படியே நினைக்கவிட்டேன்.

எஸ், எம், எல், எக்ஸ் என்று நாலே எழுத்து, கற்றுக்கொண்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். கற்றுக்கொள்வதென்றால் யாரிடமாவது கேட்க வேண்டுமே. நான் சொன்னால் பதினான்கு பேர் எழுந்து நிற்கிற மேசையில், யாரிடம் போய்க் கேட்பது?

குண்டடம் பக்கத்திலிருந்து எஸ்தர் என்று ஒருத்தி பேக்கிங்குக்கு வந்து இரண்டு மாதமாகியிருந்தது. கல்யாணமானவள், பத்தாவது வரை படித்தவள். முந்தின வாரம் ஒரு கட்டை எடுத்துப் பிரித்து லேபிளைப் பார்த்தாள். நான் எல்லார் முன்னாலும், "நான் கட்டுனதைத் திருப்பிப் பாக்கறதா இருந்தா நீயே வந்து கட்டு சாமி, நான் அக்கட்டால போய் உக்காந்துக்கறேன்" என்று சொன்னேன். மேசையே சிரித்தது. அவள் அதற்கப்புறம் எதையும் பிரிக்கவில்லை.

சனிக்கிழமை. இன்னும் பதினொரு பெட்டி மூட வேண்டும். டீ வந்தது. கூடவே கட்டிங் மாஸ்டரும் வந்தார். நின்றுகொண்டே கதை சொல்ல ஆரம்பித்தார்.

"மைனி, அஞ்சு பேரும் ஒரே மாதிரி கறுப்பு பனியன் போட்டுக்கிட்டு பாதாளத்துக்குள்ள இறங்குதாங்க. தியேட்டர் கிழிஞ்சிரும், பாத்துக்கிடுங்க!"

"மாஸ்டர், கிழிஞ்சா நீங்கதான் தைக்கோணும்" என்றாள் துளசி. துளசி எங்கள் மேசையின் பெரிய தொண்டை. உடம்பும் அதற்குத் தக்கபடி.

மாஸ்டர் தரையில் ஊர்ந்து காட்டினார். என் இடத்திலிருந்து பார்க்கத் தெரியவில்லை என்று எழுந்துபோய் மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தேன். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. டீ முடிந்தது, மாஸ்டர் போனார், மணி ஓடிக்கொண்டிருந்தது. உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து வேலையைத் தொடங்கிவிட்டேன். பேச்செல்லாம் படத்தைப் பற்றித்தான். நாளைக்கு யார் என்ன சேலை, யார் முறுக்குக் கொண்டுவருவது. என் கை தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பதினொரு பெட்டியையும் மூடிவிட்டு, கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போனோம்.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனியே காலி. முதலாளி வாட்ச்மேனைக்கூட விடவில்லை. "நீங்களும் வாங்கண்ணா, வருசம் பூரா கேட்டையே பார்த்துட்டு இருக்கறீங்க" என்று கூட்டிவந்துவிட்டார். வாட்ச்மேன் கம்பெனிச் சாவியைத் தன் வயர் கூடையில் போட்டு, அதன்மேல் துண்டைப் போட்டு, கூடையைக் காலுக்குக் கீழே வைத்துக்கொண்டார். நாங்கள் எல்லாரும் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி பட்டுச்சேலை, மல்லிகைப்பூ. பால்கனியே மணத்தது.

படம் ஆரம்பித்தது. முதல் ஹீரோ வந்தார், விசில். சண்டை. பாட்டு. இரண்டாவது ஹீரோ வந்தார், சண்டை, பாட்டு. ஐந்து பேருக்கும் ஐந்து சண்டை, ஐந்து பாட்டு, ஐந்து அம்மா. ஒவ்வொரு அம்மாவுக்கும் ஒரு வியாதி. வியாதிக்கு வைத்தியம் பார்க்கத்தான் கொள்ளை. அதற்கப்புறம் ஐந்து பேரும் ஒரு மேசையைச் சுற்றி நின்று, படம் வரைந்த பெரிய காகிதத்தை விரித்து, பேசினார்கள். பேசினார்கள். ஐம்பது வயதில் ஒருத்தர் டோப்பா வைத்துக்கொண்டு காலேஜ் மாணவனாக வந்து பேசினார்.

"இவுங்களை நம்ம கம்பெனிக்குக் கூட்டியாந்திருந்தா ஷிப்மென்ட் தீவாளிக்குத்தான் போவும்" என்றாள் துளசி.

இடைவேளை வரைக்கும் வைரம் இருக்கிற பெட்டகத்தை ஒருத்தரும் தொடக்கூட இல்லை. கட்டிங் மாஸ்டரிடம் போய்க் கேட்டோம். "பொறுங்க மைனி, செகண்ட் ஆஃப்லதான் இருக்கு வெடி" என்றார். முகம் மட்டும் கொஞ்சம் வாடியிருந்தது.

செகண்ட் ஆஃபில் கறுப்பு பனியன் வந்தது.

பனியன் என்றதும் எங்கள் வரிசை முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்தது. அதுவரை படம் பார்த்தோம், இப்போது செக்கிங்.

"தோள் தையல் விட்டிருக்குது."

"அந்த டான்ஸ்காரரு கழுத்தைப் பாருங்கோ, ரிப் பட்டை இழுத்து நிக்குது."

"ரிஜெக்ட்!" என்று துளசி சத்தமாகவே சொன்னாள். முன்வரிசையில் ஒருத்தர் திரும்பி முறைத்தார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஐந்து பேரும் பாதாளத்தில் வரிசையாக நின்றார்கள். ஒல்லி ஹீரோவின் பனியன் முழங்கையைத் தாண்டித் தொங்கியது. குண்டு ஹீரோவின் பனியன் தொப்புளுக்கு மேலே நின்றது. ஆள் குனியும்போதெல்லாம் வயிறு எட்டிப் பார்த்தது. உலகத்தையே கொள்ளையடிக்க வந்தவருக்குப் பனியனை இழுத்து விடுவதே வேலையாக இருந்தது.

எஸ்தர் வரிசைக் கடைசியிலிருந்து சொன்னாள்: "சின்னவருக்குப் பெரிசு, பெரியவருக்குச் சின்னது. டீக்குப் பொறவு கட்டுன கட்டாட்டம் இருக்குதுங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன். கண்ணில் தண்ணீர். முந்தானையை எடுத்துத் துடைக்கும்போதுதான் உறைத்தது. அதென்ன டீக்குப் பிறகு?

கண்ணுகளா, இதை மட்டும் அடிக்கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மேசையில் ஒருத்தி சிரித்துக்கொண்டே ஒன்றைச் சொன்னால், நீங்களும் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் திரும்பி அவளைப் பாருங்கள்.

நான் பார்த்தேன். எஸ்தர் சிரிக்கவில்லை.

நாலு பேர் காலை மிதித்துக்கொண்டு அவளிடம் போனேன். "எஸ்தரு, அதென்ன டீக்குப் பொறவு?"

"சும்மா சொன்னேனுங்க்கா."

"சும்மா சொல்லலை நீ."

திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நேத்து டீக்குப் பொறவு வந்த மஞ்சக் கட்டுல கவர் வழியா லேபிள் தெரிஞ்சுதுங்க்கா. எல்லுன்னு இருந்துச்சு. பச்சைக் கட்டுல எம்மு. ஒண்ணு ரெண்டு இல்லீங்க. எல்லாமே."

"ஏன் சொல்லலை?"

"நீங்க கட்டுனதாச்சேங்க்கா. என்ற கண்ணுலதான் கோளாறுன்னு நெனச்சுட்டேன்."

என் இரண்டு கையும் செய்த வேலை அங்கேயே எனக்குத் தெரிந்துபோனது. எப்போதும் என் இடதுகைப் பக்கக் குவியல் எம், வலதுகைப் பக்கக் குவியல் எல். டீக்கு எழுந்தவள், மாஸ்டர் ஊர்ந்ததைப் பார்க்க எதிர்ப்பக்கம் உட்கார்ந்தேன். குவியல் இருந்த இடத்தில் இருந்தது. நான்தான் திரும்பிவிட்டேன். இடதுகைக்கு மஞ்சள், வலதுகைக்குப் பச்சை என்று கை பழக்கத்தில் கட்டிக்கொண்டே போயிருக்கிறது. பதினொரு பெட்டி. எம் என்று அச்சடித்த பெட்டியில் எல். எல் பெட்டியில் எம். கம்பெனியின் முதல் சரக்கு. அங்கே இறக்கித் திறந்தால் நம் பேர் அன்றைக்கே முடிந்தது.

மணி நாலேகால். லாரி ஐந்தரைக்கு.

முதலாளி இரண்டு வரிசை முன்னால், வீட்டம்மாவோடு, மாமியார் வீட்டு ஆட்களோடு உட்கார்ந்திருந்தார். அவர் தோளைத் தொட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அதுதான் சரி. ஆனால் சொன்னால், எப்படி மாறியது என்று கேட்பார். லேபிளைப் பார்க்கவில்லையா என்று கேட்பார். அத்தனை பேர் முன்னால் நான் என்ன சொல்வது? அதனால் அதைச் செய்யவில்லை. இந்த இடத்தில் நான் செய்தது தப்பு என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். பெட்டி மாறிப்போனதைத் துளசி காதில் மட்டும் சொன்னேன்.

"துளசி, வாட்ச்மேன் தூங்கறாரா?"

"குறட்டைங்க்கா. ஹீரோ பேச ஆரம்பிச்சதுல இருந்தே."

திரையில் ஐந்து பேரும் காவலாளியின் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கயிற்றில் தொங்கினார்கள், வியர்த்தார்கள், ஒருத்தர் அம்மாவை நினைத்துக்கொண்டார். துளசி குனிந்தாள், வயர் கூடையை எடுத்தாள், இடுப்பில் வைத்தாள், நடந்தாள். சந்தைக்குப் போகிற மாதிரி. நானும் எஸ்தரும் பேக்கிங் பிள்ளைகள் மூன்று பேரும் பின்னாலேயே வெளியே வந்துவிட்டோம். அவர்கள் இன்னும் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

தியேட்டர் இரும்புக் கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள். படம் முடியாமல் திறக்க மாட்டார்களே என்று நான் பயந்தேன். கதவுக்காரர் எங்களைப் பார்த்தார். "முடியலைங்களா?" என்றார்.

"முடியலைங்க" என்றாள் துளசி.

"காத்தால இருந்து அல்லாரும் இப்படித்தான் சொல்லீட்டுப் போறாங்க" என்று திறந்துவிட்டார்.

வெளியே ஒரே ஒரு ஆட்டோ. "ஆறு பேரா? ஆவாதுங்க."

"ஏனுங்க, உள்ள ஒரே ஜீப்புல அஞ்சு ஹீரோவும் அவுங்க துப்பாக்கியும் போவுது. நாங்க போவக்கூடாதுங்களா?" என்று கேட்டுக்கொண்டே துளசி ஏறிவிட்டாள். அவள் ஏறினால் அப்புறம் இறக்க முடியாது. ஆட்டோக்காரர் பக்கத்தில் ஒருத்தி, பின்னால் ஒருத்தி மடியில் ஒருத்தி. வளைவில் திரும்பும்போதெல்லாம் ஆறு பேரும் கத்தினோம். பயமா, சிரிப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பேரே போகப்போகிறது, நான் சிரித்துக்கொண்டு போகிறேன்.

கம்பெனி வாசலில் லாரி ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. டிரைவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "கண்ணாலம் எங்கீங்க?"

"உள்ளதானுங்க. சித்த நேரம் இருங்க, பொண்ணை ரெடி பண்ணீட்டு வர்றோம்" என்றாள் துளசி.

உள்ளே போனோம். டேப்பைக் கொண்டை ஊசியால் கிழித்தோம். பதினொரு பெட்டியையும் தரையில் கொட்டினோம். இப்போது என் கை உதவாது. எல்லாம் கவரில், எல்லாம் ஒரே மாதிரி. ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். எந்தக் கட்டு எங்கே என்று அக்கா சொல்லுவாள் என்று.

அந்த நிமிடத்தை விட்டால் இன்னொரு பொய் சொல்ல வேண்டும். "லேபிளைப் படிச்சுச் சொல்லு எஸ்தரு. எனக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது கண்ணு. எப்பவுமே தெரியாது" என்றேன்.

பட்டுச்சேலை சரசரப்பு மட்டும் கேட்டது. அப்புறம் துளசி சொன்னாள்: "எனக்கும் எம்மும் எல்லும் தவிர ஒண்ணும் தெரியாதுங்க்கா. அதுவும் எங்க ஊட்டுக்காரரு பனியன்ல பார்த்ததுதான்." சிரிப்பு வெடித்தது. எஸ்தர் ஒரு கட்டைத் தூக்கிக் கத்தினாள். "எம்மு!" நான் மஞ்சள் கட்டினேன். "எல்லு!" பச்சை. சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஆறு பேரும் ஏலக் கடை மாதிரி கத்திக்கொண்டே அடுக்கினோம்.

ஆறாவது பெட்டி மூடும்போது வாசலில் ஸ்கூட்டர் சத்தம். முதலாளி. பின்னால் வாட்ச்மேன், வெறும் காலோடு. தியேட்டரில் முழித்துப் பார்த்துக் கூடையைக் காணாமல், "சாவியைத் திருடிட்டாங்க!" என்று எழுந்து நின்று கத்தியிருக்கிறார். திரையிலும் அப்போது அதே வசனம்தானாம். படம் தொடங்கியதிலிருந்து ஜனங்கள் கைதட்டியது அந்த ஒரு தடவைதான் என்றார்கள்.

முதலாளி பெட்டிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் சிவந்திருந்தது. நான் எழுந்து நின்று, டீயிலிருந்து வயர் கூடை வரை ஒன்று விடாமல் சொன்னேன். எழுத்துத் தெரியாது என்பதையும் சொன்னேன்.

"என்கிட்டச் சொல்லோணுமல்லங்க்கா? சாவியை எடுத்துட்டு வருவீங்களா?"

"அத்தனை பேரு முன்னால சொல்லோணுமேன்னுதானுங்க."

"இப்ப எத்தனை பேரு முன்னால சொல்லியிருக்கறீங்க?"

எண்ணிப் பார்த்தேன். முதலாளி, வாட்ச்மேன், சத்தம் கேட்டு உள்ளே வந்த லாரி டிரைவர், கிளீனர் எல்லாரையும் சேர்த்து ஒன்பது பேர்.

"நானே சொல்லீட்டனுங்க" என்றேன்.

அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து டேப் ஒட்ட ஆரம்பித்தார். பதினோராவது பெட்டி மூடும்போது துளசியின் தலைப்பூவைக் காணோம். பெட்டிக்குள் போய்விட்டதோ என்று எல்லாருக்கும் உயிர் போய்விட்டது. பார்த்தால் அது முதலாளி முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "நல்லவேளைங்க, இப்படியே ஊட்டுக்குப் போயிருந்தீங்கன்னா அம்மிணிகிட்ட நீங்கதான் கதை சொல்லியிருக்கோணும்" என்றாள் துளசி. அப்போதுதான் அவர் சிரித்தார்.

ஐந்தரைக்குக் கொஞ்சம் தாண்டி லாரி புறப்பட்டது. திங்கட்கிழமையும் நான் வேலையில் இருந்தேன். அதுவரை அது எனக்கு நிச்சயமில்லாமல்தான் இருந்தது.

லாரி தெருவைத் தாண்டும்போது கட்டிங் மாஸ்டர் நடந்து வந்தார். அங்கே நின்ற எங்களில் அவர் ஒருத்தர்தான் கடைசி வரை பார்த்தவர். எல்லாரும் சுற்றி நின்று, "கடைசீல என்னாச்சுங்க, வைரத்தை எடுத்தாங்களா?" என்று கேட்டோம்.

மாஸ்டர் வாசல் படியில் உட்கார்ந்தார். "பெட்டகத்தைத் திறந்தாங்க, மைனி" என்றார். "உள்ள ஒண்ணுமே இல்ல."

அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

அடுத்த வாரம் முதலாளி புது முறை ஒன்றைக் கொண்டுவந்தார். பெட்டி மூடுவதற்கு முன்னால் ஒருத்தி லேபிளை வாய்விட்டு வாசிக்க வேண்டும், நாடா கட்டினவள் காதால் கேட்டுச் "சரி" சொல்ல வேண்டும். கட்டினவள் யாராக இருந்தாலும் சரி. வாசிக்கிற வேலை எஸ்தருக்கு. மத்தியானச் சோற்று நேரத்தில் அவள்தான் எனக்கு அந்த நாலு எழுத்தையும் சொல்லிக்கொடுத்தாள். தப்பாகச் சொன்னால் "ரிஜெக்ட்" என்பாள். ஒரு தடவைகூட விட்டுக்கொடுக்கவில்லை. சொந்தக் கம்பெனி நடத்துகிறாள் என்றேனே, அது அவள்தான்.

மேசைக்குத் தலைவியாக நிற்கப்போகிற பிள்ளைகளே, தப்பு எல்லார் கையிலும் நடக்கும். உங்கள் தப்பை உங்கள் முகத்துக்கு நேரே சொல்ல ஒருத்திக்குப் பயமிருந்தால், அது அவள் தப்பில்லை. எனக்கு அது தெரிய அவ்வளவு மோசமான ஒரு படம் பார்க்க வேண்டியிருந்தது.

அவ்வளவுதான். இனி என் பேத்திக்கு ஒரு வேலை. நித்யா கண்ணு, அந்த செல்லைக் கீழே வைத்துவிட்டு வா. இந்தக் காகிதத்தை முதல் வரியிலிருந்து வாய்விட்டு வாசி, நான் கேட்கிறேன். அம்மாயி எழுதினதாச்சே என்று எதையும் விட்டுவிடாதே. பெட்டியை இன்னும் மூடவில்லை.